நேத்து வரைக்கும் நல்லாதான் இருந்தான்

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாதான் ஓடி ஆடிட்டு இருந்தான் டாக்டர், காலைல பாத்தா எந்திரிக்கவே முடியல." நாயைத் தூக்கிட்டு வர்றவங்க சொல்ற இந்த வசனத்தைக் கேட்காத கால்நடை டாக்டரே இருக்க மாட்டாங்க. ஸ்கேன் பண்ணிப் பாத்தா வயித்துக்குள்ள டென்னிஸ் பந்து சைஸ்ல ஒரு கட்டி. அது ராத்திரியோட ராத்திரியா முளைச்சது இல்ல, கொஞ்ச காலமாவே அங்க உக்காந்து வளந்துட்டுதான் இருந்திருக்கும், அவ்ளோ நாளும் அவன் பந்தை எடுத்துட்டு வந்தான், வாலாட்டினான், தட்டை நக்கி காலி பண்ணான்.

இதுக்கு எல்லாரும் ஒரு ரெடிமேட் பதில் வச்சிருப்பாங்க. நாய் வலியை மறைச்சிடும்ங்க, ஓநாய் வம்சம்ல, காட்டுல பலவீனத்தைக் காட்டினா கதை முடிஞ்சுதுன்னு. அதுல கொஞ்சம் உண்மை இருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு இந்த விளக்கத்துல பெருசா திருப்தி கிடையாது, ஏன்னா ஒரு விஷயத்தை மறைக்கணும்னா முதல்ல அது தனக்குத் தெரியணும்ல? நிறைய கேஸ்ல நாய்க்கே தெரியாது. அதோட உடம்பு அதுகிட்டயே சொல்லல.

அந்த வயித்துக் கட்டியையே எடுத்துக்குவோம். பெரிய நாய்ங்களுக்கு, குறிப்பா கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி ஆளுங்களுக்கு வயசானப்புறம் மண்ணீரல்ல ஹெமாஞ்சியோசர்கோமான்னு ஒரு கேன்சர் வரும். ரத்தக் குழாயோட உள்சுவர் செல்கள்ல இருந்து கிளம்புறது. மண்ணீரலோட உள்பக்கம் வலியை உணர்ற நரம்பு கிட்டத்தட்ட கிடையாது, கல்லீரலும் அப்படித்தான், நுரையீரலோட சதையும் அப்படித்தான். வலி தெரியுறதெல்லாம் மேல இருக்குற உறையிலதான், அது திடீர்னு இழுபட்டாதான் தெரியும், மெதுவா மெதுவா பெருசாச்சுன்னா உறையும் கூடவே விரிஞ்சு குடுத்துடும். அதுவும் மண்ணீரல் வயித்துக்குள்ள கொஞ்சம் லூசா தொங்குற உறுப்பு, பக்கத்துல எதையும் இடிக்காம அதுபாட்டுக்கு வளர இடம் இருக்கு.

இதுல இன்னொரு கூத்து. இந்தக் கட்டி ஒரேயடியா வெடிக்கணும்னு இல்ல, சில சமயம் லேசா கசியும். வயித்துக்குள்ள கொஞ்சம் ரத்தம் இறங்கும், நாய் சோர்ந்து ஒரு மூலைல படுத்துக்கும், ஈறு வெளுத்துப் போகும். அப்புறம் கசிவு தானா நின்னு, வயித்துக்குள்ள கொட்டுன ரத்தத்துல ஒரு பங்கை உடம்பே திரும்ப உறிஞ்சி ரத்த ஓட்டத்துல சேத்துக்கும். ஒண்ணு ரெண்டு நாள்ல அவன் பழையபடி எந்திரிச்சு நிப்பான். நாமளும் "வெயிலா இருக்கும், நேத்து கொஞ்சம் டல்லா இருந்தான், சரியாயிட்டான்"னு விட்டுடுவோம். உள்ள ரத்தம் போனதை உடம்பே துடைச்சு சுத்தம் பண்ணி வச்சா வெளிய இருக்குற நமக்கு என்ன தெரியப் போகுது? (மண்ணீரல்ல வர்ற எல்லாக் கட்டியும் கேன்சர் இல்ல, சாதாரண ரத்தக்கட்டும் உண்டு, அதனால ஸ்கேன்ல கட்டின்னு சொன்ன உடனே மனசை விட்டுடாதீங்க.)

அடுத்தது கிட்னி. எனக்குப் பிடிச்ச உதாரணம் இதுதான், ஏன்னா ஒரு உறுப்பு எவ்ளோ தூரம் பூசி மெழுக முடியும்னு இதுல கணக்காவே பாக்கலாம்.

நாயோட ஒரு கிட்னில சுமாரா நாலு லட்சம் நெஃப்ரான் இருக்கு, நெஃப்ரான்னா ரத்தத்தை வடிகட்டுற குட்டிக் குட்டி யூனிட். ரெண்டு கிட்னிக்கும் சேத்து எட்டு லட்சம். ஆனா உயிரோட நல்லபடியா இருக்க இவ்ளோ தேவையே இல்ல. பத்து பேர் பாக்குற வேலைல மூணு பேர் நின்னுட்டா மிச்ச ஏழு பேர் கூடுதல் நேரம் உக்காந்து முடிச்சுக் குடுத்துடுவாங்கல்ல, அதே மாதிரி சில நெஃப்ரான் செத்தா மிச்சம் இருக்குறது வீங்கிப் பெருசாகி செத்ததோட வேலையையும் சேத்து இழுக்கும். மூணுல ரெண்டு பங்கு போனப்புறம்தான் மூத்திரத்தைக் கெட்டியாக்குற சக்தி குறையுது. முக்கால் பங்கு போனப்புறம்தான் ரத்த டெஸ்ட்ல கிரியாட்டினின் (கிட்னி வெளிய தள்ள வேண்டிய ஒரு கழிவு) நார்மலைத் தாண்டுது. வாந்தி, சாப்பிடாம இருக்குறது, வாய் நாத்தம் எல்லாம் பெரும்பாலும் அதுக்கும் அப்புறம். அதாவது முக்கால்வாசி கிட்னி காலியான நாயும் அன்னைக்கு சாயங்காலம் வாக்கிங் போக பெல்ட்டை வாயில கவ்விட்டு வந்து நிக்கும்.

இதுலயும் ஒரு வம்பு, கிரியாட்டினின் தசைல இருந்து வர்றது, வயசாகி தசை கரைஞ்சு ஒல்லியான நாய்க்கு அது கம்மியாதான் உற்பத்தியாகும், அதனால கிட்னி மோசமா இருந்தாக் கூட ரிப்போர்ட்ல நம்பர் நார்மல்னு அழகா சிரிக்கும். அதனாலதான் இப்போ எஸ்.டி.எம்.ஏ.ன்னு இன்னொரு டெஸ்டும் பாக்குறாங்க, அதுக்கும் தசைக்கும் அவ்வளவா சம்பந்தம் இல்ல, சராசரியா 40 சதவீதம் வேலை போன கட்டத்துலயே ஏற ஆரம்பிச்சிடும்.

வெளிய ஒரே ஒரு துப்பு இருக்கு, தண்ணி. மூத்திரத்தைக் கெட்டியாக்க முடியாததால நிறைய போகும், போனதை ஈடுகட்ட நிறைய குடிக்கும். ஆனா யாரு அளக்குறா? கிண்ணம் காலியானா ரொப்புறோம், வீட்ல நாலு பேர் இருந்தா நாலு பேரும் ரொப்புவாங்க, மொத்தம் எவ்ளோ குடிச்சான்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 100 மி.லி.க்கு மேல போனா அது கண்டிப்பா கவனிக்க வேண்டியது, பத்து கிலோ நாய்னா ஒரு லிட்டர். "நல்லா தண்ணி குடிக்கிறான், ஆரோக்கியமா இருக்கான்"னு சந்தோஷப்படுற வீடு நான் பாத்திருக்கேன். நாங்களே அப்படி ஒரு வீடுதான்.

வேகமும் முக்கியம். எவ்ளோ கெட்டுச்சுங்குறதை விட எவ்ளோ சீக்கிரம் கெட்டுச்சுங்குறதுதான் பல சமயம் வெளிய தெரியுது. நாய் ரத்தத்துல சிவப்பணு பங்கு சாதாரணமா 37ல இருந்து 55 சதவீதம். அடிபட்டு ரத்தம் கொட்டி மளமளன்னு இறங்கினா சுருண்டு விழுந்துடும். அதே இறக்கம் வாரக்கணக்குல மெதுவா நடந்தா 20க்குக் கீழ போனப்புறம் கூட கதவு வரைக்கும் நடந்து வரும், ஏன்னா இதயம் இன்னும் கொஞ்சம் வேகமா அடிச்சுக்குது, இருக்குற சிவப்பணு ஆக்சிஜனை இன்னும் தாராளமா திசுக்களுக்கு விட்டுக் குடுக்குது, நாயும் தன்னை அறியாம ஓட்டத்தைக் குறைச்சுக்குது. அந்த கடைசி விஷயத்துக்கு நாம வைக்குற பேரு "வயசாயிடுச்சு".

இதயமும் இந்த ரகம்தான். சின்ன நாய்ங்களுக்கு வயசாக ஆக மைட்ரல் வால்வு தடிச்சுப் போய் சரியா மூடாம ரத்தம் பின்னாடி கசியும். கசிஞ்சதுக்கும் சேத்து இதயம் கொஞ்சம் பெருசாகி பலமா தள்ளும், கிட்னி உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வச்சு ரத்த அளவைக் கூட்டிக் குடுக்கும், ஓட்டம் குறையாது. பிரச்சனை என்னன்னா காப்பாத்துற இந்த வேலையே பின்னாடி எமனா மாறுது, கூடுன தண்ணி கடைசில நுரையீரல்ல போய் கோத்துக்கும். ஆனா அதுக்கு முன்னாடி வருஷக்கணக்குல ஒண்ணுமே தெரியாது, ஸ்டெதாஸ்கோப் வச்சா மட்டும் "உஷ்"னு ஒரு சத்தம் கேக்கும். வெளிய தெரியாத இந்தக் கட்டத்தைப் பிடிச்சா என்ன பிரயோஜனம்னு கேட்டா, 2016ல வந்த எபிக்ங்குற ஆய்வுல, இதயம் பெருசாகியும் அறிகுறி எதுவும் வராத நாய்ங்களுக்கு பிமோபெண்டான் மாத்திரை ஆரம்பிச்சாங்க, இதயம் செயலிழக்குற கட்டம் சுமார் 15 மாசம் தள்ளிப் போச்சு. நாயோட ஆயுசுல 15 மாசம்ங்குறது சின்ன விஷயமா? டாபர்மேன் கதை இன்னும் கொடுமை, அதுக்கு இதயத் தசையே பலவீனமாகிற வியாதி வரும், அதுலயும் வருஷக்கணக்குல வெளிய ஒண்ணும் தெரியாது, சில நாய்க்கு முதல் அறிகுறியே திடீர்னு விழுந்து செத்துப் போறதுதான். அதனாலதான் நல்லா இருக்குற டாபர்மேனுக்கும் 24 மணி நேர ஈ.சி.ஜி. மாட்டி விடுறாங்க.

சரி, நிஜமாவே வலிக்குற வியாதி? அங்கயாவது கத்தணும்ல? கத்தாது. கத்துறது திடீர் வலிக்குதான், வாலை மிதிச்சா கத்தும். மாசக்கணக்கா இருக்குற வலிக்கு நாய் கத்துறதில்ல, ஏதாச்சும் செய்யுறதை நிறுத்திடும், அவ்ளோதான். ஒரு காலுக்கு வலின்னா நொண்டும், ஏன்னா பாரத்தைத் தாங்க இன்னொரு நல்ல கால் இருக்கு. ரெண்டு இடுப்பும் ஒரே மாதிரி தேஞ்சு போயிருந்தா எந்தப் பக்கம் நொண்டும்? நாய் ஏற்கனவே தன்னோட எடைல 60 சதவீதத்தை முன்னங்கால்லதான் வச்சிருக்கு, பின்னாடி வலிச்சா இன்னும் கொஞ்சத்தை முன்னாடி தள்ளிக்கும். தோள் பருத்து பின்தொடை சூம்பிப் போகும், நடை பாக்க ஒழுங்காதான் இருக்கும். பல்லும் அப்படித்தான், வேர்ல சீழ் வச்சிருந்தாலும் சாப்பிடும், மறு பக்கம் மெல்லும் இல்லன்னா மெல்லாம முழுங்கும். "சாப்பாடெல்லாம் கரெக்டா சாப்பிடுறான்"ங்குறதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுங்க.

வீட்ல மூணு நாளா நொண்டுனவன் கிளினிக் வாசல்ல கால் வச்ச உடனே ராணுவ வீரன் மாதிரி நடப்பான், கூட்டிட்டுப் போனவங்களுக்கு மானம் போகும். அது நடிப்பு இல்ல. பயத்துல அட்ரினலின் ஏறும், மூளை வலியை அமுக்குற தன்னோட சொந்த மருந்தை அவுத்து விடும், கொஞ்ச நேரத்துக்கு அவனுக்கு வலி நிஜமாவே கம்மி. அதனால வீட்ல நடக்குறதை வீடியோ எடுத்துட்டுப் போங்க, டாக்டருக்கு அது பெரிய உதவி.

கிருமி விஷயத்தை சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா அங்க மறைக்குறது கிருமியோட வேலை. பழுப்பு உண்ணி கடிச்சு வர்ற எர்லிக்கியா கேனிஸ், 1935ல அல்ஜீரியாவுல கண்டுபிடிச்சது, முதல்ல ரெண்டு மூணு வாரம் காய்ச்சல் குடுத்துட்டு அடங்கிடும், அப்புறம் மாசக்கணக்கா, சில சமயம் வருஷக்கணக்கா பதுங்கி இருக்கும், அப்போ பிளேட்லெட் மட்டும் ரிப்போர்ட்ல கம்மியா காட்டும். வியட்நாம் போர் சமயத்துல அமெரிக்க ராணுவ நாய்ங்க நிறைய இதுலதான் செத்துச்சு. கொசு கொண்டு வர்ற இதயப்புழு, உள்ள போய் வளந்து முடிக்கவே ஆறு மாசம் ஆகும், அப்புறம் அஞ்சு ஏழு வருஷம் வாழும், வீட்டுக்குள்ளயே படுத்திருக்குற நாய்க்கு பல சமயம் இருமல் கூட வராது. ரேபிஸ் வைரஸ் அறிகுறி தெரியுறதுக்கு சில நாள் முன்னாடியே எச்சில்ல வந்துடும், கடிச்ச நாயை 10 நாள் கண்காணிக்குறது இதுக்காகத்தான். நாய் பாக்க நல்லா இருக்கேன்னு கடிபட்டவங்க ஊசி போடுறதைத் தள்ளிப் போடாதீங்க, ஊசியை உடனே ஆரம்பிச்சிட்டுதான் 10 நாள் எண்ணணும்.

கடைசியா நாம. கண் பார்வை மெதுவா போற நாய் வீட்டை முழுசா மனப்பாடம் பண்ணி வச்சிருக்கும், சோபாவை நகத்தி வைக்குற அன்னைக்குதான் குருடுன்னு நமக்குத் தெரியும். மூட்டு வலி நாய்ங்களை வச்சு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, வெறும் டம்மி மாத்திரை குடுத்து ஓனருங்க கிட்ட கேட்டா நிறைய பேர் "இப்போ பரவால்ல"ன்னு சொல்லிருக்காங்க, கால் எவ்ளோ பாரம் தாங்குதுன்னு அளக்குற தகட்டு மேல நடக்க விட்டா அப்படி எந்த மாத்தமும் இல்ல, இதுல டாக்டருங்களும் ஏமாந்திருக்காங்க. தினம் பாக்குற கண்ணுக்கு ஆசையும் சேந்துக்கும்.

அதனால நான் நம்பருக்கு மாறிட்டேன். எங்க கிழவனுக்கு இதயத்துல சத்தம் இருக்குன்னு சொன்னப்போ டாக்டர் ஒரு வேலை குடுத்தாங்க, அவன் நல்லா தூங்குறப்போ ஒரு நிமிஷத்துல நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு எண்ணி எழுதணும், 30க்குக் கீழ இருக்கணும். காலண்டர்ல எழுதி வச்சோம், 18, 20, 19, 21, மாசக்கணக்கா இதேதான், போர் அடிச்சுப் போச்சு. ஒரு நாள் 34. தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சு கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எண்ணினேன், 36. இருமல் இல்ல, தட்டு காலி, எழுப்பினா வாலாட்டிட்டு வந்து கையை நக்குறான். அன்னைக்கு மதியமே எக்ஸ்ரே எடுத்தாங்க, நுரையீரல்ல நீர் கோக்க ஆரம்பிச்சிருந்துச்சு.