அடுத்து என்ன என்று தெரியாதபோது மூளைக்குள் நடப்பது

தேர்வுக்கு முந்தைய இரவு வரும் பயத்துக்கு ஒரு தேதி உண்டு, ஒரு பாடத்திட்டம் உண்டு. மூன்று மணி நேரத்தில் அது முடிந்தும் விடும். படிப்பே முடிந்து பட்டமும் கைக்கு வந்த பிறகு வரும் பதற்றத்துக்கு இவை எதுவும் கிடையாது. கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், குன்றக்குடி என்று காரைக்குடியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும், ஜூன் ஜூலையில் அந்தப் பதற்றத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். காதுகுத்துப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்த உடனே, "அடுத்து என்னத்தா செய்யப் போறே?" என்று பக்கத்து இலையிலிருந்து கேள்வி வரும். கேட்பவர் பாசமாகத்தான் கேட்கிறார். ஆனால் கேட்கப்பட்ட பெண்ணுக்கு அடுத்த வாய் இறங்குவதில்லை.

தனக்குத் தைரியம் போதவில்லை என்றே இவர்களில் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். என்ன வரப்போகிறது என்று தெரியாத நிலையை மூளை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால் அந்த எண்ணம் மாறும்.

2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரை ஒரு கணினி விளையாட்டு விளையாட வைத்தார்கள். திரையில் ஒரு கல் வரும். அதன் அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்துவிட்டால், ஊகம் சரியோ தவறோ, கையில் வலிக்கும்படி ஒரு மின் அதிர்ச்சி கிடைக்கும். எந்தக் கல்லின் அடியில் பாம்பு வரும் என்கிற வாய்ப்பு, விளையாட்டு போகப் போக மாறிக்கொண்டே இருக்கும். உள்ளங்கை வியர்வையையும் கண் பாவை விரிவதையும் வைத்து அவர்களின் பதற்றம் அளக்கப்பட்டது.

பதற்றம் உச்சத்துக்குப் போனது, பாம்பு இருக்கும் வாய்ப்பு சரிபாதியாக, அதாவது 50 சதவீதமாக இருந்தபோது. அதிர்ச்சி கண்டிப்பாக வரும் என்று தெரிந்திருந்தபோதுகூட அவ்வளவு பதற்றம் இல்லை. வருமா வராதா என்பதே வலியைவிட அதிகமாக வாட்டியது.

நம் ஊரில் இதைச் சாதாரணமாகவே பார்க்கலாம். குரூப் 4 தேர்வில் தெளிவாகத் தோற்றவர் சீக்கிரமே அடுத்த தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்துவிடுவார். கட்-ஆஃப் ஒட்டி மார்க் எடுத்தவர்தான் தூக்கம் இல்லாமல் கிடப்பார்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் வந்தது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. யாருடைய பதற்றம் நிலைமையின் நிச்சயமின்மைக்கு ஏற்பக் கூடிக் குறைந்ததோ, அவர்கள்தான் பாம்பைச் சரியாக ஊகித்தார்கள். அப்படியானால் இந்தப் பதற்றம் பழுதில்லை. "இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது, கவனமாக இரு" என்று மூளை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் செய்தி அது.

பிறகு ஏன் அது இவ்வளவு பாடாய்ப் படுத்துகிறது? உடம்பின் எச்சரிக்கை ஏற்பாடு குறுகிய நேர ஆபத்துக்காக உருவானது. ஆபத்தின் சாயல் தெரிந்ததும் மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு அளவே உள்ள அமிக்டலா ஹைப்போதலாமஸை உசுப்புகிறது. சில நொடிகளில் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது. அடுத்த கட்டமாக, பிட்யூட்டரி சுரப்பி வழியாகச் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குத் தகவல் போய் கார்ட்டிசால் சுரக்கிறது. இது உச்சத்துக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். அளவு போதும் என்றானதும் அந்தக் கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய், சுரப்பை நிறுத்தச் சொல்லும். நாய் துரத்தினால், ஓடி வந்து கதவைச் சாத்திய ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

துரத்துவது எதிர்காலமாக இருந்தால் சாத்துவதற்குக் கதவு இல்லை. எதிரே நிற்கும் ஆபத்துக்கும் என்றோ வரக்கூடிய ஆபத்துக்கும் மூளை ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. எலிகளில் நடந்த ஆய்வுகள், உடனடிப் பயத்தில் அமிக்டலாவுக்கும், எப்போது வரும் என்று தெரியாத நீண்ட பதற்றத்தில் அதை ஒட்டியுள்ள இன்னொரு நரம்பணுத் திரளுக்கும் அதிகப் பங்கு இருப்பதாகக் காட்டின. மனிதர்களில் இந்தப் பிரிவு அவ்வளவு துல்லியமாக இல்லை, இரண்டு இடங்களுமே சேர்ந்து உழைக்கின்றன. ஆனால் காவல் முடியும் நேரம் தெரியாத காவலாக இது நீண்டுகொண்டே போகும் என்பதில் சந்தேகம் இல்லை.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் நமக்காகத் திட்டமிடுகிறது, இதையும் அதையும் எடைபோடுகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது, பதற்றத்தில் பெருகும் நோர்அட்ரினலினும் டோபமினும் ஓர் அளவைத் தாண்டினால் அந்தப் பகுதியின் நரம்பணு இணைப்புகள் தற்காலிகமாகத் தளர்ந்துவிடும் என்பது. தெளிவாக யோசித்தே ஆக வேண்டிய நேரத்தில்தான் யோசிக்கும் கருவி மழுங்குகிறது. "ஒரு விண்ணப்பத்தைக்கூட முழுசா நிரப்ப முடியலை" என்று பிள்ளைகள் சொன்னால் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். உண்மையிலேயே அந்த நேரத்தில் முடிவதில்லை.

செட்டிநாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிக் கதை உண்டு. நகரத்தார் குடும்பங்களில் பையன்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன காலத்தில், படிக்கட்டு முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. முதலில் பெட்டியடிப் பையன், அப்புறம் அடுத்தாள், அதற்குப் பிறகு கடையை நடத்தும் மேலாள். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வரலாம். கடல் தாண்டிப் போவதில் கஷ்டமும் பிரிவும் நிறைய இருந்தன. ஆனால் 'அடுத்து என்ன' என்ற கேள்விக்கு அப்பச்சியிடமும் ஐயாவிடமும் பதில் இருந்தது.

ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் எலிகளை வைத்துச் செய்த பழைய சோதனைகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. இரண்டு எலிகளுக்கும் ஒரே அளவு மின் அதிர்ச்சிதான் கொடுக்கப்பட்டது. ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன்னால் எச்சரிக்கை ஒலி கேட்கும். ஒலி கேட்ட எலிக்கு வயிற்றுப் புண் குறைவாகவே வந்தது. கஷ்டம் அதேதான். முன்னால் தெரிந்ததா இல்லையா என்பதில் மட்டுமே வித்தியாசம்.

அந்தப் படிக்கட்டை நான் புகழவில்லை. அது ஒரு சமூகத்தின் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்தது. பெண்களுக்கு இல்லை, அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார்களின் பிள்ளைகளுக்கும் இல்லை. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது அதுவும் சரிந்தது. 1947-இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியது இதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. இன்று அந்த வளாகத்திலிருந்து எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் பட்டம் வாங்கி வெளியே வருகிறார்கள். பலர் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். கதவுகள் பெருகின, படிக்கட்டு போய்விட்டது.

இந்த இடத்தில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி முக்கியமாகிறது. அது ஞாபகத்துக்கான இடம் என்றுதான் நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். 2007-இல் டெமிஸ் ஹசாபிஸும் அவருடைய சகாக்களும், ஹிப்போகாம்பஸ் பழுதானவர்களிடம் ஒரு கடற்கரையில் படுத்திருப்பதுபோலக் கற்பனை செய்து சொல்லச் சொன்னார்கள். அவர்களால் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது, முழுக் காட்சி வரவில்லை. (வேதியியலுக்கான 2024 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே ஹசாபிஸ்தான்.) பழைய நினைவுகளின் துண்டுகளை எடுத்துத்தான் மூளை எதிர்காலத்தைக் கட்டுகிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. அப்பா லோடு ஆட்டோ ஓட்டும் வீட்டில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பி.எட். சேரலாமா, மதுரையில் பேங்க் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கலாமா, சென்னையில் ஏதாவது ஒரு கம்பெனி லேபில் சேரலாமா என்று மூன்று யோசனை. பி.எட். என்றால் அவளுக்கு டீச்சர்கள் கண்முன் வருகிறார்கள், வகுப்பறை வருகிறது, சாக்பீஸ் வாசனைகூட வருகிறது. கம்பெனி லேப் என்றால் எதுவுமே வரவில்லை. எங்கே தங்குவது, யாரோடு சாப்பிடுவது, முதல் நாள் உள்ளே போனதும் என்ன சொல்வார்கள், எதற்கும் அவளிடம் துண்டுகள் இல்லை. அந்த வெற்றிடத்தில் பயம் தன் இஷ்டத்துக்குப் படம் வரைந்தது. ஒன்றை வேண்டாம் என்று அவள் ஒதுக்கியபோது, பிடிக்காமல் ஒதுக்கினாளா, கற்பனை செய்ய முடியாமல் ஒதுக்கினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு சீனியர் அக்கா ஒருவர் சிக்ரியில் புராஜெக்டில் வேலை பார்ப்பது தெரிந்து, அவரைப் போய்ப் பார்த்தாள். சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம், அவள் பஸ்ஸில் தினமும் கடந்துபோன கட்டடம். உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று அதுவரை அவள் யாரிடமும் கேட்டதில்லை. அந்த அக்கா டீக்கடையில் வைத்து ஒரு நாள் வேலை எப்படிப் போகும், சம்பளம் எப்போது வரும், புராஜெக்ட் முடிந்தால் என்ன ஆகும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அங்கே வேலை கிடைக்குமா என்பது அன்றும் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த உடனே தன் விவரக் குறிப்பைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள்.

இதற்கு மாறாக நம்மில் பெரும்பாலோர் செய்வது கவலைப்படுவது. கவலை ஒரு வேலை செய்வது போன்ற தோற்றத்தைத் தரும், அதுதான் அதன் பிடி. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போர்கோவெக் கவனித்தது இது: கவலை பெரும்பாலும் சொற்களில் நடக்கிறது, காட்சிகளில் குறைவாகவே நடக்கிறது. சொற்களில் சுற்றும்போது பயங்கரக் காட்சியின் முழு வேகம் உடம்பைத் தாக்காமல் தப்பிக்கிறோம். அந்தச் சின்ன நிம்மதிக்காக மூளை மறுபடியும் கவலைக்கே போகிறது. கவலைப்பட்ட விஷயம் நடக்காமல் போனால், கவலைப்பட்டதால்தான் தப்பித்தோம் என்றும் நம்பிவிடுகிறது. செக்கு மாடு நாள் முழுக்க நடந்தும் அதே இடத்தில் நிற்பது போலத்தான் ராத்திரி இரண்டு மணி வரை செல்போனில் வேலைவாய்ப்புச் செய்திகளைப் புரட்டுவதும். 2020-இல் அதே பல்கலைக்கழகத்தில், தீராத பதற்ற நோய் உள்ளவர்களைத் தங்கள் கவலைகளை எழுதி வைக்கச் சொல்லிப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். எழுதியவற்றில் ஏறத்தாழ 91 சதவீதம் நடக்கவே இல்லை.

ராத்திரி இரண்டு மணி என்பது வேறு விதத்திலும் கெடுதல். தூக்கம் கெட்டவர்களின் அமிக்டலா, வேண்டாத படங்களைப் பார்க்கும்போது நன்றாகத் தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துடிப்பதை 2007-இல் மாத்யூ வாக்கர் குழு மூளை ஸ்கேனில் பார்த்தது. வாழ்க்கை முடிவை நடுராத்திரியில் எடுக்காமல் இருப்பது நல்லது.

இருப்பதிலேயே சிறந்ததைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையும் பதற்றத்தைக் கூட்டும். 2006-இல் வெளியான ஷீனா ஐயங்காரின் ஆய்வு, படிப்பை முடித்து வேலை தேடிய அமெரிக்க மாணவர்களைப் பற்றியது. எல்லா வாய்ப்பையும் அலசி உச்சமானதையே எடுக்க முயன்றவர்களுக்கு 20 சதவீதம் அதிகச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. ஆனால் கிடைத்த வேலையில் திருப்தி மற்றவர்களைவிடக் குறைவு. சம்பளமும் முக்கியம்தான், வீட்டில் கடன் இருப்பவருக்கு அந்த 20 சதவீதம் பெரிய தொகை. ஆனால் அந்தத் தேடலுக்கு மனசு ஒரு விலை கொடுக்கிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சரி, இவ்வளவும் தெரிந்து என்ன செய்வது? எனக்கு உறுதியாகப் படுவது, 'வாழ்க்கையில் என்ன ஆகப்போகிறேன்' என்பதற்குப் பதில் தேடுவதை நிறுத்திவிட்டு, அடுத்த மூன்று மாதத்துக்கு மட்டும் ஒரு திட்டத்தை எழுதி வைப்பது. இதற்கு ஆதாரம் இருக்கிறது. 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் ஒன்றைக் கவனித்தார்கள். முடிக்காத வேலை ஒன்று மனதில் இருந்தால், வேறு எதைப் படித்தாலும் அது குறுக்கே வந்துகொண்டே இருக்கும். அந்த வேலையை எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று குறிப்பாக எழுதியவர்களுக்கு அந்தக் குறுக்கீடு நின்றது, வேலையை அவர்கள் இன்னும் தொடக்கூட இல்லை என்றாலும். "நல்லாப் படிக்கணும்" என்று எழுதினால் பயன் இல்லை. "திங்கள் காலை ஒன்பதரைக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்யணும்" என்று எழுத வேண்டும்.

கவலைக்கும் நேரம் ஒதுக்கலாம். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம், ஒரே இடத்தில் உட்கார்ந்து கவலைப்படுவது. மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு தாளில் குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளிப்போடுவது. கேட்க விளையாட்டாக இருந்தாலும் இதுவும் போர்கோவெக் சோதித்துப் பார்த்த முறைதான், கவலை குறைந்தது.

இவை எல்லாம் செய்தும் பெரும்பாலான நாட்கள் பதற்றத்திலேயே போகிறது, தூக்கம் இல்லை, எரிச்சல், களைப்பு, எதிலும் மனம் நிற்கவில்லை, ஆறு மாதமாக இப்படியே இருக்கிறது என்றால் அது சிகிச்சை தேவைப்படும் நோயாக இருக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஆறு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். மருத்துவர் மாத்திரை எழுதினால் அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதல் வாரத்திலேயே பலன் இல்லை என்று நிறுத்திவிடக் கூடாது. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சையும் மாத்திரைக்கு இணையாகப் பலன் தருகிறது. மருத்துவரிடம் போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். ஏனென்றால் அங்கே சொல்வது அந்தப் பதற்றத்தில் பாதிதான் காதில் விழும்.