துளை போட்டால் ஸ்க்ரூ லூசாகாது

போன வாரம் காரைக்குடியில் ஒரு பையனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தேன். இடது உள்ளங்கையில் நான்கு தையல். ஆச்சி வீட்டு உள்பகுதியான இரண்டாம் கட்டில் பழைய அலமாரிக்குக் கீல் மாட்டியிருக்கிறான். கதவை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் திருப்புளியை அழுத்தித் திருகும்போது முனை நழுவி நேராகக் கைக்குள் இறங்கிவிட்டது. இந்த வருஷம் நான் பார்க்கும் மூன்றாவது கை இது.

"ஸ்க்ரூ ஏத்துறதுக்கு முன்னால துளை போட்டியா தம்பி?" என்று கேட்டேன்.

"துளை போட்டா ஸ்க்ரூ லூசாயிடும்னு சொன்னாங்கண்ணே."

இருபத்தைந்து வருஷத் தச்சு வேலையில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒரு ஸ்க்ரூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் தண்டு, சுற்றிலும் மரை. மரத்தைப் பிடிப்பது மரைதான். தண்டுக்கு மட்டும் இடம் விட்டுத் துளை போட்டால், மரை சுற்றியுள்ள மரத்தை வெட்டிக்கொண்டு உட்காரும். துளையே இல்லையென்றால் தண்டு ஆப்பு மாதிரி இறங்கி மரத்தைப் பிளக்கும். லூசாவது அப்போதுதான்! பாதி வரை சுத்தியால் அடித்துவிட்டு மீதியைத் திருகுவதும் இதே கதைதான், நாரெல்லாம் கிழிந்துவிடும்.

துளை போடும் பிட்டை ஸ்க்ரூவுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். தண்டு மறைந்து, மரை மட்டும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தால் அதுதான் சரியான பிட். 8 நம்பர் ஸ்க்ரூவுக்குத் தேக்கில் 3 மி.மீ., மென்மையான மரத்தில் 2.5 மி.மீ.

நம் ஊர் வீடுகளில் இதில் இன்னும் கவனம் வேண்டும். பர்மாத் தேக்கு தலைமுறை தலைமுறையாகக் காய்ந்து இறுகிய மரம். குடுமியில் (கதவோடு சேர்ந்த முளையில்) சுழலும் கதவு, கழுந்து (துளைக்குள் நுழையும் மர நாக்கு) கோத்த சட்டம் என்று அன்றைக்குப் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. அதில் ஒரு தாழ்ப்பாளுக்காக ஓரத்தைப் பிளந்து வைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பித்தளை ஸ்க்ரூ போடுபவர்கள் முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றி எடுத்துவிட்டு, அப்புறம் பித்தளையைப் போடுங்கள். இல்லையென்றால் தலை முறிந்து தண்டு உள்ளேயே நின்றுவிடும். மரையில் மெழுகுவத்தி தடவுங்கள். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுக்கும்.

துளை இல்லாததால் அழுத்துகிறோம், அழுத்துவதால் நழுவுகிறது. வேலைப் பொருளைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். உள்ளங்கையிலோ தொடையிலோ வைத்துத் திருகவே கூடாது. மைனஸ் தலை என்றால் திருப்புளி முனை ஸ்க்ரூ தலையின் காடியை (வெட்டுப் பள்ளத்தை) முழுதாக நிறைக்க வேண்டும். ஸ்டார் (பிளஸ்) தலை உள்ள 8 நம்பர் ஸ்க்ரூவுக்கு 2 நம்பர் திருப்புளி முனை. முனை மழுங்கிய திருப்புளியை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். கரண்ட் பார்க்கும் டெஸ்டரால் மரத்தில் ஸ்க்ரூ திருகுகிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள்.

அப்படியும் குத்திவிட்டால் சுத்தமான துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள், டிடி ஊசியையும் கேளுங்கள். விரல் மடங்கவில்லை, மரத்துப்போகிறது என்றால் உள்ளே நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம். அந்தப் பையன் காபித்தூளை வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க வீட்டிலேயே இருந்துவிட்டான். மோதிர விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை.