உறைபனி: பெய்யாத பனிக்கு ஒரு பெயர்

சென்ற சனவரியில் ஒரு நாள், காலை ஏழு மணி இருக்கும். திருப்பூரிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, ஊட்டில ஸ்னோ விழுந்திருக்காமா? டிவில பனிப்பொழிவுன்னு போட்டாங்க. இந்த வாரமே கிளம்பி வரட்டுமா?"

அப்போது நான் ஊட்டி காந்தலில் வீட்டு வாசலில் நின்று, ஸ்கூட்டர் சீட்டில் படிந்திருந்த வெள்ளையை ஒரு பழைய அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தேன். "விழல கண்ணு, பூத்திருக்கு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நாலு வார்த்தையில் புரிய வைக்கிற விஷயமும் இல்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் 'பனி' என்ற சொல்லுக்கு இடம் பெரியது. மார்கழிக் காலையில் கோலத்தை நனைப்பதும் பனி, ரோட்டை மறைப்பதும் பனி, இமயமலையில் மூடிக் கிடப்பதும் பனி. பழந்தமிழில் கண்ணீரும் பனிதான்; 'கண்கள் பனித்தன' என்று இன்றும் எழுதுகிறோம். பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள் உண்டு. கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசும் வீட்டில் "குழந்தைக்குப் பனி" என்றால் ஸ்வெட்டரைத் தேடாதீர்கள், காய்ச்சல் மாத்திரையைத் தேடுங்கள். குளிரில் வரும் நடுக்கமும் காய்ச்சலில் வரும் நடுக்கமும் ஒன்றாக இருப்பதே இரண்டு பொருளையும் சேர்த்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். கன்னடத்தில் இதே வேர் 'ஹனி' ஆகித் துளியைக் குறிக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் மூன்று மொழிக்காரர்கள் இந்த ஒரு வேரை மூன்று விதமாகப் பிடித்திருக்கிறோம்.

இவ்வளவு பொருளைச் சுமக்கும் சொல்லுக்கு முன்னொட்டு இல்லாமல் முடியாது. மூடுபனி, வெண்பனி, முன்பனி, பின்பனி எல்லாம் அப்படி வந்தவை. மலையில் இருக்கிறவர்கள் அன்றாடம் இரண்டைப் பிரித்துச் சொல்வோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட நாட்களில் புல் நனைந்து செருப்புக்குள் ஈரம் ஏறினால் அது நீர்ப்பனி. அதன் பிறகு, வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்த இரவுகளில் வருவது உறைபனி.

உறைபனி வினைத்தொகை. உறைந்த பனி, உறைகின்ற பனி, உறையும் பனி என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். 'உறை' நம் சமையலறைச் சொல்லும்கூட. பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதே உறை. டிசம்பரில் எங்கள் வீட்டில் உறை ஊற்றிய பாத்திரத்தை அம்மா கம்பளித் துணியில் சுற்றி அடுப்போரம் வைப்பார். இல்லையென்றால் காலையில் அது பாலாகவே இருக்கும். பால் உறையச் சூடு வேண்டும், பனி உறையக் குளிர் வேண்டும். நீர்மமாக இருப்பது கெட்டியாவது என்ற ஒரே கருத்தை இரண்டுக்கும் வைத்த மொழி இது.

ஆனால் உறைபனியில் பெரும்பகுதி நீராக இருந்து உறைந்ததே இல்லை. காற்றிலிருக்கும் ஈரம் ஆவியாகவே வந்து, சுழியத்துக்குக் கீழே குளிர்ந்துபோன புல்லின் மேல் நேராகப் பனிக்கட்டி ஊசியாக நிற்கிறது. குனிந்து பார்த்தால் தெரியும். புல்லின் நடுவைவிட ஓரத்தில்தான் ஊசிகள் அடர்த்தி. ஒவ்வொன்றும் இலையிலிருந்து வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து விழுந்தது அப்படி ஓரம் பிடித்து வளராது. கற்பூர மரத்தடியில் பாருங்கள், சுற்றிலும் வெள்ளையாக இருக்கும்போது அங்கு மட்டும் வட்டமாகப் பச்சை. திறந்த வெளிப் புல் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மரத்தடிப் புல்லுக்கு அந்த மரமே போர்வை. 'பூத்திருக்கு' என்று நான் சொன்னது இதனால்தான்.

"பனி பெய்யுது, உள்ள வா" என்று பாட்டி சொன்னது தப்பா என்று கேட்கலாம். தப்பே இல்லை. பனி பெய்யும், கொட்டும், இறங்கும் என்பதெல்லாம் காலங்காலமாக வந்த பேச்சு. அதைத் திருத்த எனக்கு எண்ணமில்லை. ஆனால் 'பனிப்பொழிவு' என்று செய்தியில் எழுதும்போது அது வானிலைச் சொல். மேகத்திலிருந்து பஞ்சு பஞ்சாக இறங்குவதற்கு, அதாவது ஸ்னோவுக்கு, நாம் வைத்த பெயர் அது. உறைபனிக்கு அதையே போட்டால், திருப்பூரில் ஒரு பெண் பஞ்சுப் பனியில் பொம்மை செய்யலாம் என்று பெட்டி கட்டுகிறாள்.

நீலகிரிக்கு ஸ்னோ ஏன் வருவதில்லை? நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி தூரத்தில்தான் இருக்கிறோம். இந்தப் பக்கத்து வானத்தில் காற்று சுழியம் டிகிரிக்குக் குளிர ஏறத்தாழ 5 கிலோமீட்டர் மேலே போக வேண்டும். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், அதில் பாதி. மேகத்தில் பனிச்செதில் உருவானாலும் சிகரத்தைத் தொடுவதற்குள் மழையாகிவிடும். தரை உறைகிற இரவில் மேகம் இல்லை. மேகம் இருக்கிற இரவில் தரை உறைவதில்லை, மேகமே போர்வையாகிவிடுகிறது.

இந்த உறைபனி ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும். உயரம் கூடினால் உறைபனியும் கூடும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இங்கே நடப்பது வேறு. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் புல்வெளி எல்லாம் வெளுத்துக் கிடக்கும்போது, மேலே மேட்டு வீட்டுக்காரர் வாசலில் வெறும் ஈரம் இருக்கும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் இது குறைவு. கொடைக்கானலிலும் இதே கணக்குதான்: ஏரிக்கரையும் கீழ்பூமியும் முதலில் வெளுக்கும்.

"குறைந்தபட்சம் 3 டிகிரின்னு போட்டிருக்கே, எப்படி உறைஞ்சுது?" என்றும் கேட்பார்கள். வானிலை நிலையத்தின் வெப்பமானி கூண்டுக்குள், தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கிறது. புல்லின் நுனி அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும்.

தோட்டக்காரர்களுக்கு இது போட்டோ எடுக்கிற விஷயம் இல்லை. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து செல்கள் உடைந்தால், வெயில் ஏறியதும் தேயிலை கறுத்துப்போகும். அதைக் 'கருகல்' என்கிறோம். நெருப்புக்கு உள்ள சொல்லைக் குளிருக்கும் வைத்திருக்கிறோம், காய்ந்த செடியைப் பார்த்தால் அது எவ்வளவு சரி என்று தெரியும். தேயிலை மேல் தாகைச் செடியைப் பரப்பி மூடுவார்கள். பூங்காவில் அலங்காரச் செடிகளுக்குக் கோத்தகிரி மிலார்க் கொம்புகளால் குடை. மிலாறு என்றால் சிறு கொம்பு என்பது பழைய சொல். மலையில் அது இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

சித்திரை, வைகாசியில் வேறொரு வெள்ளை வரும். மதியத்துக்கு மேல் இடி இடித்து, தகரக் கூரை அதிர ஆலங்கட்டி கொட்டும். அது நிஜமாகவே வானத்திலிருந்து விழுவது. உயரமான இடிமேகத்துக்குள் மேலும் கீழும் தூக்கி எறியப்பட்டுக் கட்டியாவது. அந்தப் படத்தையும் 'ஊட்டியில் ஸ்னோ' என்றுதான் அனுப்புகிறார்கள். ஆலங்கட்டிக்கு மூலச் சொல் ஆலி. ஐங்குறுநூற்றில் கபிலரின் குறிஞ்சிப் பாட்டு ஒன்று, காம்பு இற்று உதிர்ந்த மாவடுக்களைக் குறவர்கள் 'உறைவீழ் ஆலி' போலத் தொகுப்பதாகச் சொல்கிறது. அங்கே உறை என்பது மழைத்துளி. துளியோடு விழும் ஆலியைப் பொறுக்குவது போல மாவடு பொறுக்குகிறார்கள்! ஆலங்கட்டி மழை விட்டதும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடும் எங்கள் தெருப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வரி நினைவுக்கு வரும்.

ஸ்லீட் என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்பவர்கள் முதலில் எந்த நாட்டு ஸ்லீட் என்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் அது பாதி உருகிய பனியும் மழையும் கலந்து விழுவது. அமெரிக்காவில், உருகிய பனிச்செதில் தரைக்கு அருகே மறுபடி உறைந்து குருணையாக விழுவது. முன்னதற்குப் 'பனிக்கலப்பு மழை' போதும். பின்னதற்கு 'ஆலித்துளி' என்று வைக்கலாம் என்பது என் யோசனை. ஆலிக்கு மழைத்துளி, ஆலங்கட்டி என இரண்டு பொருளும் அகராதியில் உண்டு. துளியாக இருந்து கட்டியானதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ஸ்னோவுக்கு வெண்பனி, அது விழுவதற்குப் பனிப்பொழிவு. இந்தச் சொற்கள் நீலகிரிக்கு வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

பெயரில் மட்டும் பனியை வைத்திருக்கும் ஓர் ஊர் நம்மிடம் உண்டு: அவலாஞ்சி. பனிச்சரிவைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மலை சரிந்தபோது, வந்திருந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பனிச்சரிவின் பெயரை மண்சரிவுக்கு இட்டார்கள். அந்த மண்ணைச் சரிப்பது பனி அல்ல, மழை. 2019 ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. 2009 நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கேத்தியில் ஒரே நாளில் கொட்டியதும் 82 சென்டிமீட்டர். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சரிவுகளில் வீடுகளோடு உயிர்களும் போயின. நேர்கோட்டில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் இடையே சுமார் இருபது கிலோமீட்டர்தான். ஒன்று மேற்குக் காற்றுக்கு முகம் காட்டுகிறது, மற்றது கிழக்குக் காற்றுக்கு. நடுவில் இருக்கும் ஊட்டிக்கு ஆண்டு முழுவதும் சேர்த்தே சுமார் 125 சென்டிமீட்டர். மேற்கே தேவாலாவில் ஏறத்தாழ அதைப் போல் மூன்று மடங்கு. வடக்கே மசினகுடிக்கு இறங்கினால் முள்ளுக்காடு.

அக்கா மகள் அந்த வாரக் கடைசியில் வந்தாள். ஆறரை மணிக்கு எழுப்பித் தலைக்குந்தாவுக்குக் கூட்டிப்போனேன். கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு புல்லைப் பறித்து வெகுநேரம் பார்த்தாள். விரல் சூட்டில் ஊசிகள் ஒவ்வொன்றாகத் துளியாகின. "மாமா, இப்போ இது நீர்ப்பனிங்களா?" என்றாள்.