மஸ்தகி: சொல் விளக்கம்

நாட்டு மருந்துக் கடையில் ‘ரூமி மஸ்தகி’ என்று கேட்டால், வெளிர்மஞ்சள் நிறத்தில், ஒளி ஊடுருவும் சிறுசிறு மணிகளைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். யூனானி மருத்துவர்கள் வயிற்றுக் கோளாறுகளுக்கு எழுதித் தரும் இந்தச் சரக்கு ஒரு மரத்தின் பிசின். ஆங்கிலத்தைப் பின்பற்றி ‘மாஸ்டிக்’ என்று நாம் இப்போது எழுதுவதும் இதைத்தான். இதன் தாயகம், துருக்கியின் மேற்குக் கரைக்கு எதிரே ஏஜியன் கடலில் இருக்கும் கியோஸ் என்னும் கிரேக்கத் தீவு.

சொல்லின் மூலம் கிரேக்க மொழியிலுள்ள ‘மஸ்திகே’. பல்லைக் கடித்தல், மெல்லுதல் என்னும் பொருள்தரும் வினையோடு அது உறவுடையது. ஆங்கிலத்தில் மெல்லுதலைக் குறிக்கும் ‘மாஸ்டிகேட்’ என்ற சொல்லும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வாயிலிட்டால் முதலில் பொடிந்து சற்றே கசந்து, பிறகு இளகி, ஊசியிலை மரத்தின் வாசனையோடு நெடுநேரம் மெல்ல வரும் பிசினுக்கு இப்பெயர் அமைந்ததில் வியப்பில்லை. கிரேக்கச் சொல் அரபியில் ‘மஸ்தகா’ என்று வழங்கி, யூனானி மருத்துவத்தோடு இந்தியாவுக்கு வந்தது. முன்னால் நிற்கும் ‘ரூமி’ என்பதற்கு ரூம் நாட்டைச் சேர்ந்தது என்று பொருள். கிழக்கு ரோமானியப் பேரரசின் நிலப்பகுதியை அரபியர் ரூம் என்றே அழைத்தனர். ஆக, சரக்கு எங்கிருந்து வந்தது என்ற செய்தி நம் கடைப்பெயரிலேயே தங்கிவிட்டது. துருக்கியரோ தீவுக்கே ‘சகிஸ் அதாசி’, அதாவது பிசின் தீவு, என்று பெயரிட்டுவிட்டார்கள்.

இந்த மர இனம் மத்தியதரைக் கடலோரம் எங்கும் வளர்கிறது. ஆனால், பெயர்பெற்ற மஸ்தகி கியோசின் தென்பகுதியில் உள்ள 24 ஊர்களைச் சுற்றி வளரும் ஒரு வகையிலிருந்தே கிடைக்கிறது. கோடை தொடங்கியதும் மரத்தடியைப் பெருக்கிச் சமன்செய்து வெண்ணிறச் சுண்ணாம்பு மண்ணைப் பரப்புகிறார்கள். பிறகு அடிமரத்திலும் கிளைகளிலும் கூர்முனைக் கருவியால் சிறு கீறல்கள் இடுகிறார்கள். கசியும் துளிகள் அந்த வெண்மண்ணில் விழுந்து இரண்டு மூன்று வாரங்களில் இறுகுகின்றன. அவற்றைப் பொறுக்கியெடுத்து, ஒட்டிய மண்ணைக் கத்திமுனையால் சுரண்டி, மணிமணியாகச் சுத்தம் செய்யும் வேலை குளிர்காலம் வரை நீள்கிறது. வீட்டுப் பெண்கள் கூடியமர்ந்து செய்யும் வேலை அது. இந்த வளர்ப்பு முறையை யுனெஸ்கோ 2014-இல் மானுடத்தின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. துளிகளைக் கிரேக்கர் ‘கண்ணீர்’ என்பார்கள். கிறித்தவ மறைச்சாட்சியான புனித இசிதோர் அங்கே கொல்லப்பட்டபோது மரங்கள் அழுதன என்பது தீவின் கதை.

தீவின் வரலாற்றையும் ஊர்களின் அமைப்பையும் இந்தப் பிசினே பெருமளவு தீர்மானித்தது. 1346 முதல் 1566 வரை கியோசை ஆண்ட, இத்தாலியின் ஜெனோவா நகர வணிகர்கள் மஸ்தகி விற்பனையைத் தம் தனியுரிமையாக வைத்திருந்தனர். கடற்கொள்ளையருக்கு அஞ்சி ஊர்களைக் கோட்டைபோல் கட்டினர். மெஸ்தா என்ற ஊரில் வெளிவரிசை வீடுகளின் புறச்சுவர்களே மதிலாக நிற்பதையும், உள்ளே சந்துகள் வழிதவறும்படி வளைந்து செல்வதையும் இன்றும் காணலாம். பிர்கி என்ற ஊரில் கருநிறப் பூச்சின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, அதைச் சுரண்டி, சுவர் முழுவதும் கோல வடிவங்கள் தீட்டியிருக்கிறார்கள். தீவுக்குச் செல்பவர் ஓர் ஊரை மட்டுமே பார்க்க முடியுமென்றால், பிர்கியைப் பார்ப்பது நல்லது. 2016-இல் திறந்த மஸ்தகி அருங்காட்சியகமும் அதன் அருகிலேயே இருக்கிறது. 1566-க்குப் பின் வந்த உதுமானியத் துருக்கியரும் மஸ்தகி ஊர்களுக்குத் தனிச் சலுகைகள் அளித்தனர். 1822-இல் பல்லாயிரவர் கொல்லப்பட்ட படுகொலையைக் கடந்து, 1912-இல் தீவு கிரேக்கத்தோடு இணைந்தது.

சமையலில் மஸ்தகியை அப்படியே இடிக்கக் கூடாது. உரலில் பசைபோல் அப்பிக்கொள்ளும். சிறிது நேரம் குளிரவைத்து, ஒரு சிட்டிகை சர்க்கரையோடு பொடித்து, ஈஸ்டர் ரொட்டியிலும் ஐஸ்கிரீமிலும் சேர்க்கிறார்கள். மஸ்தகி மணக்கும் வெண்ணிறச் சர்க்கரைப் பாகுக் களியைக் கரண்டியோடு குளிர்ந்த நீரில் அமிழ்த்தித் தரும் பண்டத்துக்கு ‘நீர்மூழ்கி’ என்று பெயர். களியைச் சுவைத்தபின் அந்த நீரையும் குடிப்பார்கள்.

தமிழில் இதைக் கோந்து என்பது பொருந்தாது. கோந்து நீரில் கரையும், மஸ்தகி கரையாது. குங்கிலியம் என்பதும் வேறு மரங்களின் பிசினுக்கு உரிய பெயர். மெல்லும் பிசின் என்று விரியும் ‘மெல்பிசின்’ என்ற வினைத்தொகை, கிரேக்கச் சொல்லின் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. இதை ‘மென்பிசின்’ என்று எழுதினால் மென்மையான பிசின் என்று பொருள் திரிந்துவிடும். செல்பேசியைச் சென்பேசி என்று எழுதுவதில்லை அல்லவா? எனினும், மருந்துக் கடையில் வழங்கிவரும் மஸ்தகியைக் கைவிடத் தேவையில்லை: பொது எழுத்தில் மஸ்தகி என்றும், பொருள் விளக்கம் வேண்டிய இடத்தில் மெல்பிசின் என்றும் எழுதலாம். ‘மாஸ்டிக்’ என்ற வடிவத்தைக் கட்டுமானத் துறைக்கு விட்டுவிடலாம். அங்கே அது விரிசலையும் இணைப்பையும் அடைக்கும் பூச்சுப்பசையைக் குறிக்கிறது.