கல்லூரிக்குப் போனதும் படிக்கும் ஆசை எங்கே போகிறது?

ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை ராசிபுரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தாள், யாரும் எழுப்பாமலே விடிகாலை நாலரைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இப்போது சேலத்தில் பொறியியல் முதலாம் ஆண்டு. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர், புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிஷத்தில் மூடிவிடுகிறாள், கேட்டால் "பிடிக்கலம்மா" என்பதைத் தவிர பதில் இல்லை. "சோம்பேறி ஆயிட்டாளா, இல்ல யாராவது கண்ணு வெச்சுட்டாங்களா" என்று கேட்டிருக்கிறார். பாட்டி ஏற்கெனவே தாயத்து கட்டிவிட்டாராம்.

சோம்பலும் இல்லை அம்மா, கண்ணேறும் இல்லை. சேலம், நாமக்கல் பக்கம் ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு வீட்டில் இதே பேச்சு நடக்கிறது. தாயத்து விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் கண் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் அந்தப் பிள்ளை தனக்குள் என்ன நடக்கிறது என்று புரியாமல் தன்னையே வெறுக்க ஆரம்பித்துவிடுகிறது. உள்ளே நடப்பது என்ன என்று ஓரளவு நன்றாகவே தெரிந்த காலத்தில் இது தேவையில்லாத கஷ்டம்.

நரம்பு செல்கள் ஒன்றோடொன்று ரசாயனங்கள் மூலம் பேசிக்கொள்கின்றன என்பது பள்ளியிலேயே படித்ததுதான். அதில் ஒன்று டோபமைன். மூளையில் கிட்டத்தட்ட 8,600 கோடி நியூரான்கள் இருக்க, டோபமைனைத் தயாரிப்பவை நடுமூளையில் உள்ள சில லட்சம்தான். இதை 'இன்ப ரசாயனம்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அது சரியில்லை. ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957-ல் விலங்குகளுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ரெசர்பின் வேறொன்றும் இல்லை, நம் ஊர் சர்ப்பகந்தா வேரில் இருப்பதுதான். அந்த வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் 1949-ல் வெளியிட்ட கட்டுரைதான் மேல்நாட்டு மருத்துவர்களை அதன் பக்கம் திரும்ப வைத்தது. மூளையில் டோபமைனைக் குறைத்துவிடும் அந்த மருந்து ஏறிய முயல்கள் காது தொங்கிப்போய் அசையாமல் கிடந்தன. மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் எல்-டோபாவைக் கொடுத்ததும் எழுந்து நடமாடத் தொடங்கின. இந்த வழியில் செய்த வேலைக்குத்தான் 2000-ல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்புறம் அமெரிக்காவில் ஜான் சாலமோன் எலிகளை வைத்துச் செய்த சோதனை. ஒரு பக்கம் கொஞ்சம் தீனி, சும்மா நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு பக்கம் நிறையத் தீனி, ஆனால் நடுவில் 44 சென்டிமீட்டர் தடுப்பு, ஏறித்தான் போக வேண்டும். சாதாரண எலிகள் பெரும்பாலும் ஏறிப் போயின. டோபமைன் குறைக்கப்பட்ட எலிகள் ஏறவில்லை, சும்மா கிடைப்பதைத் தின்றன. தடுப்பை எடுத்துவிட்டால் அவையும் நேராக நிறைய இருக்கும் பக்கமே போயின. தீனி பிடிக்காமல் போகவில்லை, எது அதிகம் என்பதும் மறக்கவில்லை, அதற்காக ஏறும் முனைப்பு மட்டும் இல்லை. "படிக்கணும்னு தெரியுது, ஆனா உட்கார முடியல" என்று பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு இந்த எலிகள்தான் ஞாபகம் வருகின்றன.

அதற்காக மகளுக்கு டோபமைன் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பூனைக்காலி விதையில் எல்-டோபா இயற்கையாகவே இருக்கிறது, அதை வைத்து 'டோபமைன் கூட்டும் பொடி' என்றெல்லாம் விற்கிறார்கள், வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். டோபமைன் எப்போது, எதற்காக வெளிவர வேண்டும் என்று மூளை போடும் கணக்குதான் இங்கே மாறியிருக்கிறது. அந்தக் கணக்கைக் கண்டுபிடித்த கதை எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது.

சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர்கில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் நியூரான்களில் மெல்லிய மின்முனையை வைத்து ஒவ்வொரு துடிப்பையும் பதிவு செய்துகொண்டிருந்தார். பார்க்கின்சன் நோயில் இந்த நியூரான்கள் அழிந்து கைகால் அசைவு கெட்டுப்போகிறது, அதனால் அசைவுக்கான துடிப்பைத்தான் அவர் தேடினார். சும்மா இருக்கும்போது இவை விநாடிக்கு மூன்று முதல் ஐந்து முறை துடிக்கும். குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டு பழச்சாறு விழுந்தால் சடசடவென்று துடித்தன. சரி, இனிப்புக்குச் சந்தோஷப்படுகிறது என்று நினைக்கலாம். அடுத்து ஒரு விளக்கை எரியவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சாறு கொடுத்தார்கள். திரும்பத் திரும்பச் செய்ததில் துடிப்பு இடம் மாறியது. விளக்கு எரிந்ததும் சடசட, சாறு விழும்போது ஒன்றுமே இல்லை! அதே சாறு, அதே குரங்கு, அதே தாகம். ஆனால் வரப்போகிறது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் அந்த நியூரான்களுக்குச் சொல்ல எந்தச் செய்தியும் இல்லை.

மூன்றாவது கட்டம்தான் அற்புதம். விளக்கு எரிந்தது, சாறு வரவில்லை. சாறு வழக்கமாக விழும் அந்தக் கணத்தில் நியூரான்கள் சட்டென்று மௌனமாகிவிட்டன, வழக்கமான மூன்று ஐந்து துடிப்புகூட இல்லை. யோசித்துப் பாருங்கள், வெளியே அந்த நொடியில் எதுவும் நடக்கவில்லை, சத்தமில்லை, வெளிச்சமில்லை. நடக்காத ஒன்றுக்கு, அது நடந்திருக்க வேண்டிய நேரத்தில், ஒரு செல் பதில் சொல்கிறது. மாலை ஐந்தரைக்கு ஏற்காடு பஸ் என்று பழகிப்போனவருக்கு ஐந்து இருபதுக்கு பஸ் இல்லாதது ஒரு விஷயமே இல்லை, ஐந்தரை தாண்டியும் வராவிட்டால்தான் மனசு சுருங்கும். அப்படி ஒரு பஸ் இருப்பதே தெரியாத வெளியூர்க்காரருக்கு ஐந்தரையும் ஐந்தே முக்காலும் ஒன்றுதான். அந்தச் சுருக்கம் தனித்தனி செல்களின் அளவிலேயே நடக்கிறது.

1997-ல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேக் மூவரும் சேர்ந்து இதைக் கணக்காக எழுதினார்கள். கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் மிஞ்சுவதுதான் டோபமைன் சொல்லும் செய்தி. எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தால் துடிப்பு கூடும், அதற்கு முன்னால் வந்த அடையாளத்தின் மதிப்பு ஏறும். குறைவாகக் கிடைத்தால் துடிப்பு நிற்கும், அடையாளத்தின் மதிப்பு இறங்கும். மௌனத்தை உண்டாக்குவதில் மூளையில் ஹபெனுலா என்ற ஒரு சிறு பகுதிக்குப் பங்கு இருக்கிறது. எதிர்பார்த்தது வராதபோது அது விழித்துக்கொண்டு டோபமைன் நியூரான்களை அடக்குகிறது என்று மட்சுமோட்டோவும் ஹிகோசாகாவும் 2007-ல் குரங்குகளில் காட்டினார்கள்.

அசைவைத் தேடப்போன ஆளுக்கு ஆசையின் கணக்கு கிடைத்தது. இப்படி, பலன் என்னவென்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்க முடியாத வேலைக்குப் பல வருஷம் பணம் கொடுத்த நாடுகளில்தான் இதெல்லாம் நடந்தது. நாம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை. சர்ப்பகந்தா நம்முடையது, அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது 1952-ல் சுவிஸ் மருந்து நிறுவனம் ஒன்று. இது மாற வேண்டும் என்று எழுதும் வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

சரி, மகளுக்கு வருவோம். விடுதிப் பள்ளியில் இன்றைக்குத் தேர்வு, நாளைக்கு மதிப்பெண், பலகையில் ரேங்க், பிரேயரில் பெயர். அவள் மூளையில் மதிப்பு ஏறியிருந்தது அந்த மணியோசைக்கும் வினாத்தாள் கட்டுக்கும் ரேங்க் பட்டியலுக்கும்தான், அவைதான் அவளுடைய விளக்கு. கல்லூரியில் அந்த விளக்குகள் ஒன்றுகூட இல்லை. இதோடு, "இந்த ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ, காலேஜ் போயிட்டா நிம்மதி" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி ஏற்றிவைத்த எதிர்பார்ப்பு வேறு. சீட் கிடைத்த நாளில் அது ஏற்கெனவே எதிர்பார்த்த சாறு, பெரிதாக ஒன்றும் தோன்றாது. அதன் பிறகு வந்தது நிம்மதியும் இல்லை, மறுபடியும் கணக்கு, மறுபடியும் இயற்பியல், புரியாத ஆங்கிலத்தில், தன்னைப் போலவே முதல் ரேங்க் வாங்கி வந்த அறுபது பேருக்கு நடுவில். புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே கிடைக்கிறது, புத்தகத்தின் மதிப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறங்குகிறது. பலன் தள்ளிப்போவதும் சேர்ந்துகொள்கிறது. சாறு சில விநாடிகள் தாமதமானாலே விளக்குக்கான துடிப்பு குறைகிறது என்று கோபயாஷியும் ஷுல்ட்ஸும் 2008-ல் காட்டினார்கள். செமஸ்டர் ரிசல்ட் வர எத்தனை மாதம்! கைபேசியிலோ அடுத்த ரீல் என்னவென்று யாராலும் ஊகிக்க முடியாது, அதனால் அங்கே எதிர்பார்ப்பு ஒருநாளும் முழுசாகப் பழகிப்போவதில்லை.

அப்படியென்றால் விளக்கையும் சாறையும் மறுபடி பக்கத்தில் கொண்டுவர வேண்டும். நான் சொல்லும் வழி: ஒரு பாடத்தின் ஒரு சின்னப் பகுதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். பத்துக் கேள்வியில் எத்தனை வரும் என்று குறைத்தே ஒரு எண்ணை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் பார்க்காமல் விடை எழுதி உடனே அவளே திருத்தட்டும். நாலு என்று எழுதி ஆறு வந்தால் அது எதிர்பாராத சாறு. மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பவர்கள், மீண்டும் மீண்டும் வாசிப்பவர்களைவிட ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதை ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-லேயே காட்டிவிட்டார்கள், எனவே இது வெறும் மனத்தேற்றல் இல்லை. தொடக்கத்தில் ஓரளவு தெரிந்த பாடமாக எடுப்பது நல்லது. "பிளேஸ்மென்ட் ஆயிட்டா நிம்மதி" என்று பழைய தவறை நான்கு வருஷம் தள்ளி மறுபடி செய்யாதீர்கள். கல்லூரி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், இன்டர்னல் விடைத்தாளை இரண்டே நாளில் திருத்திக் கொடுங்கள், ஒரு மாதம் கழித்துக் கொடுப்பதில் மாணவருக்கு எந்தச் செய்தியும் போய்ச் சேராது.

ஒரு விஷயத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். படிப்பில் மட்டும் இல்லாமல் சாப்பாடு, தோழிகள், பிடித்த பாட்டு என்று எதிலுமே நாட்டம் இல்லாமல் இரண்டு வாரம் தாண்டினால், தூக்கமும் கெட்டிருந்தால், மேலே சொன்ன பயிற்சியெல்லாம் அப்புறம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, அல்லது அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

பயிற்சி தொடங்கிய முதல் சில நாளில் எந்த மாற்றமும் தெரியாது, அதற்கும் காரணம் இருக்கிறது. 1972-ல் உளவியலாளர்கள் ரெஸ்கோர்லாவும் வாக்னரும் கற்றல் பற்றி எழுதிய சூத்திரத்தின்படி, ஒவ்வொரு முறையும் பழைய மதிப்போடு அந்த முறை கிடைத்த வித்தியாசத்தின் ஒரு சிறு பங்கு மட்டுமே சேர்கிறது. ஒரு செமஸ்டர் முழுக்கத் துளித்துளியாக இறங்கிய மதிப்பு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஏறிவிடாது, அதே துளிக் கணக்கில்தான் ஏறும், அதுவரை தினமும் அந்தப் பத்துக் கேள்வி நடந்துகொண்டிருக்க வேண்டும்.