அது அதே கோப்புதானா?

‘இலவச மென்பொருள்தானே, எந்தத் தளத்தில் எடுத்தால் என்ன?’ என்று கேட்கிறார் ஒரு வாசகர். திருட்டு நகலில்தான் ஆபத்து, இலவசமாகவே கிடைப்பதில் யார் என்ன கலந்துவிடப் போகிறார்கள் என்ற நினைப்பு பலருக்கும் உண்டு.

2015இல் சீனாவில் நடந்ததைக் கேளுங்கள். ஐபோன் செயலிகளை உருவாக்க உதவும் எக்ஸ்கோட் என்ற மென்பொருளை ஆப்பிள் இலவசமாகவே தருகிறது. ஆனால் அது பல ஜிகாபைட்; ஆப்பிளின் சர்வரிலிருந்து சீனாவுக்கு ஆமை வேகத்தில் வந்தது. யாரோ அதைச் சீன இணைய நிறுவனமான பைடுவின் கோப்புக் கிடங்கில் ஏற்றிவைக்க, நிரலாளர்கள் அங்கிருந்து இறக்கிக்கொண்டார்கள். அந்த நகலில் ஒரு நிரல் துண்டு ஒளிந்திருந்தது. அந்த நகலை வைத்து உருவாக்கிய செயலிகளுக்குள்ளும் அந்தத் துண்டு புகுந்துகொண்டது. சீனர்களின் அரட்டைச் செயலியான வீசாட்டின் ஒரு பதிப்பும் தப்பவில்லை. ஆப்பிளின் சோதனையையும் தாண்டி, அந்தச் செயலிகள் ஆப் ஸ்டோருக்கே வந்துவிட்டன.

கோப்பில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று எப்படி அறிவது? ஆயுத பூஜைக்குக் கணினிக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதே பக்தியோடு ‘ஆன்டிவைரஸ் பச்சை காட்டிவிட்டது, பயமில்லை’ என்பவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. அதைவிட உறுதியான வழி எஸ்எச்ஏ-256: கோப்பைக் கொடுத்தால் அதற்கு ஒரு சரிபார்ப்பு எண் தரும் கணக்கு முறை. கோப்பை உருவாக்கியவர் தம் தளத்தில் அந்த எண்ணை எழுதிவைப்பார்; நாம் இறக்கிய கோப்புக்கும் அதே எண் வந்தால், அது அதே கோப்புதான்.

கோப்பு ஒரு வரியாக இருந்தாலும் ஐந்து ஜிகாபைட்டாக இருந்தாலும் இந்தக் கணக்கு தரும் விடை 256 பிட்தான், அதாவது 256 பூஜ்ஜியங்களும் ஒன்றுகளும் கொண்ட வரிசை. கோப்பை 64 பைட் துண்டுகளாக நறுக்கி, கையில் வைத்திருக்கும் எட்டு எண்களோடு ஒவ்வொரு துண்டையும் 64 சுற்று கலக்குகிறது. பிட்டுகளைச் சுழற்றும், நகர்த்தும், கூட்டும்; கூட்டலில் 32 பிட்டுக்கு மேல் வழிவதைத் தூக்கி எறியும். ஒரு சுற்றின் விடையே அடுத்த சுற்றுக்குத் தீனி. எனவே ஐந்து ஜிகாபைட்டில் ஒரே ஒரு பிட் மாறினாலும், முடிவில் ஏறத்தாழ பாதி பிட்டுகள் புரண்டுவிடும்.

அந்த எட்டு எண்கள் எங்கிருந்து வந்தன? நான் சொக்கிப்போன இடம் இது. 2இன் வர்க்கமூலம் 1.41421356… என்று போகும். முன்னால் உள்ள 1ஐ விட்டு, மீதியை 2இன் 32ஆம் அடுக்கால் பெருக்கி, முழு எண்ணை மட்டும் எடுங்கள்: 177,90,33,703. அதுதான் முதல் எண். மற்ற ஏழும் இப்படியே 3, 5, 7 என 19 வரையுள்ள பகா எண்களிலிருந்து வருகின்றன. எஸ்எச்ஏ-256ஐ வடிவமைத்தது அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ. உளவாளி நீட்டும் எண்ணை யார் நம்புவார்கள்? அதனால்தான் பள்ளிக் கணக்கிலேயே எவரும் சரிபார்க்கக்கூடிய எண்கள். உளவுத் துறை செய்ததில் எனக்குப் பிடித்த ஒரே காரியம் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் ஒரு ஓட்டை உண்டு. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் அதிகாரபூர்வத் தளத்துக்குள்ளேயே ஊடுருவி, இறக்கும் சுட்டியைப் பின்கதவு (திருடன் ரகசியமாக நுழையும் வழி) வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். தளமே கைமாறினால், பக்கத்தில் எழுதியிருக்கும் சரிபார்ப்பு எண்ணை மாற்ற எவ்வளவு நேரமாகும்? அதற்காகத்தான் டிஜிட்டல் கையொப்பம். சரிபார்ப்பு எண்களின் பட்டியலை நிரலாளர் தம் ரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறார்; அந்தச் சாவி தளத்தின் சர்வரில் இருக்காது. நம்மிடம் இருப்பது அதன் ஜோடியான பொதுச் சாவி; கையொப்பம் அவருடையதுதானா என்று அதை வைத்துச் சரிபார்க்கலாம். ஆனால் அந்தப் பொதுச் சாவியையும் அதே பக்கத்திலிருந்து அன்றைக்கே எடுத்தால் பயனில்லை. திருடன் தன் சாவியை அங்கே வைத்திருக்கலாம். முன்பே எடுத்து வைத்த சாவியோ, வேறு வழியாக உறுதிசெய்த சாவியோ வேண்டும்.