நீரிழிவு: சொல்லும் பொருளும்

‘நீரிழிவு’ என்று மருத்துவர் சொன்னால் முதியவர்கள் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. ‘இழிவு’ என்ற சொல்தான் உறுத்துகிறது. அவர்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்ல வேண்டும்: இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். மலையிலிருந்து அருவி இழியும். தாழ்வு என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. ‘தலையின் இழிந்த மயிர்’, ‘நிலையின் இழிந்தக் கடை’ என்று இரண்டு பொருளையும் ஒரே குறளில் (964) காணலாம். நீர் மிகுதியாக இறங்குவதால் நீரிழிவு. இதில் அவமானம் எதுவுமில்லை.

டயாபடீஸ் என்ற கிரேக்கச் சொல்லும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: ஊடே கடந்து ஓடுவது. சதையே உருகிச் சிறுநீராகிறது என்று எழுதினார் பண்டைய மருத்துவர் அரெட்டேயஸ். நோயின் முழுப் பெயர் டயாபடீஸ் மெலிட்டஸ்; மெலிட்டஸ் என்றால் தேன்போல் இனித்தது. நம் பக்கத்துப் பழைய மருத்துவப் பெயரான மதுமேகத்திலும் அதே தேன் இருக்கிறது; மது என்றால் தேன். சிறுநீரில் இனிப்பது சர்க்கரைதான் என்று 1776இல் மாத்யூ டாப்சன் காட்டினார். யாழ்ப்பாணத்தார் சலரோகம் என்பார்கள்; சலம் என்றால் நீர்.

ஆக, பழைய பெயர்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த அறிகுறியிலிருந்து பிறந்தவை. முதுமையில் அந்த அறிகுறியே ஒளிந்துகொள்ளலாம். இரத்தச் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் கசியத் தொடங்கும். வயது ஏற ஏற இந்த வரம்பும் உயரக்கூடும். தாக உணர்வும் மங்கிவிடும். ‘எனக்கு அடிக்கடி நீர் போகவில்லையே’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போடும் தாத்தாவுக்குச் சோர்வும் ஆறாத புண்ணுமே நோயைச் சொல்லும்.

‘சர்க்கரை நோய்’ எளிய பெயர்தான், ஆனால் அதுவும் வழிதவறச் செய்கிறது. காப்பியில் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டுக் கருப்பட்டி போட்டுக்கொள்கிறார்கள். தட்டில் சோறு மட்டும் குறைவதில்லை. சோற்றின் மாவுச்சத்தும் உடலுக்குள் சர்க்கரையாகிறது என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. எழுத்தில் நீரிழிவு, பேச்சில் சர்க்கரை நோய், இரண்டுமே இருக்கட்டும் என்பேன். பெயரோடு இந்த விளக்கமும் போய்ச் சேர வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது ‘சுகர் இறங்கிவிட்டது’ என்ற பேச்சுதான். வீட்டில் இதை நல்ல செய்தியாகக் கேட்டு மகிழ்கிறார்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்த பாட்டிக்கு அது ஆபத்தாக இருக்கலாம். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம். முதியவர்களிடம் சில சமயம் வெறும் குழப்பமான பேச்சு மட்டுமே தெரியும், மறதி என்று விட்டுவிடுவார்கள். ஹைப்போகிளைசீமியா என்ற இந்நிலையைத் ‘தாழ்சர்க்கரை’ என்று தனிப் பெயரிட்டு அழைப்போம். அளவு சரியாக இருந்தால் ‘கட்டுக்குள் இருக்கிறது’ என்போம். ‘தாழ்சர்க்கரை’ என்று காதில் விழுந்தால், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.